நிறுத்தியாச்சு

1

இந்தக் கதை என் மாமியாரின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, என் காதால் கேட்டேன்.

காலையில் நாங்கள் டீ குடிக்க உட்காரும் நேரத்தில் வீட்டுக்குள் எங்கோ மெல்லிதாக ஒரு ‘பீப்’ சத்தம் வரும். கொஞ்ச நேரம் கேட்கும், நின்றுவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி. முதலில் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டோம். அப்புறம் வாஷிங் மெஷின். என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி அழைப்புமணியின் பேட்டரியைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றினார். அதனால் இரண்டு நாள் எங்கள் வீட்டில் நேரம் நகரவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அத்தைக்குக் காது மந்தம். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. “வயசானா காதுக்குள்ள இப்படித்தான் ஏதாவது கேக்கும், கண்டுக்காதீங்க” என்று அறுபதைத் தாண்டிய எங்கள் இருவருக்கும் ஆறுதல் சொன்னார். அவருக்கு வயது தொண்ணூற்றொன்று.

ஒரு நாள் காலை அவர் ரவிக்கைக்குப் பின்பக்கம் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். என் காது அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இடது காறை எலும்புக்குக் கீழேயிருந்து வந்தது அந்தச் சத்தம்.

“அத்தை, வீட்ல கத்தறது நீங்கதான்.”

“நானா? நான் வாயே திறக்கலயே!”

வாய் இல்லை, பெட்டி. பத்து வருடத்துக்கு முன்னால் அங்கே தோலுக்கடியில் வைத்த சின்ன உலோகப் பெட்டி, தன் பேட்டரி தீரப்போகிறது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

2

முதல் வரியாக நான் எழுதிப் பார்த்தவற்றை உங்களிடமிருந்து மறைக்கப்போவதில்லை.

(அ) “மனித இதயம் ஒரு விந்தையான...” — வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை.

(ஆ) “மரணம் அந்த வீட்டின் வாசலில் வந்து...” — வரவில்லை. வாசலில் வந்தது கூரியர்காரர்தான். அதுவும் பக்கத்து வீட்டுப் பார்சல்.

(இ) “அவள் ஓட்டுநர் பள்ளி நடத்தினாள்.” — இது பரவாயில்லை. ஆனால் அத்தையை ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம். இலக்கியத்துக்காக மாமியாரிடம் மரியாதை குறைக்க முடியாது, மன்னிக்கவும்.

சரி, அதையே மரியாதையோடு சொல்கிறேன். அத்தை கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். அந்தக் காலத்தில் பெண்கள் கார் ஓட்டுவதே அபூர்வம், இவர் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பார். அத்தை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார், கால் மட்டும் அந்த பிரேக்கின் மேல் இருக்கும். எல்லாம் கெட்டுப்போகும் அந்த ஒரு நொடியில் மட்டும் மிதிப்பார்.

நெஞ்சில் வைத்த பெட்டிக்கும் கிட்டத்தட்ட இதே உத்தியோகம். அதன் முழுப்பெயர் வாயில் நுழையாது. டிஃபிப்ரிலேட்டர் என்று நான் எழுதிப் பழகவே ஒரு நாள் ஆயிற்று. அதற்கு வேலை இரண்டு. இதயம் மிகவும் மெதுவாகப் போனால் லேசாகத் தட்டி எழுப்பும். தெரியக்கூடத் தெரியாது. இதயம் தறிகெட்டு ஓடி உயிர் போகும் நிலை வந்தால் உள்ளேயே ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். அது தெரியும். அத்தை முதல் வேலையைத் ‘தட்டு’ என்பார், இரண்டாவதை ‘உதை’ என்பார். மொத்தப் பெட்டிக்கும் அவர் வைத்த பெயர் ‘பக்கத்து சீட்டு’.

வைத்தபோது அவருக்கு வயது எண்பத்தொன்று. இதய டாக்டர் நேர்மையான மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: “இந்த வயசுல இதை வைக்கலாமா வேணாமான்னு எங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கும்மா.”

அத்தை கேட்டார்: “வண்டி ஓடுதான்னு பாப்பீங்களா, என்ன வருஷ மாடல்னு பாப்பீங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். வைத்தார்கள்.

3

அது வேலை செய்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது இயந்திரத்தைத் திட்டும் கதையாகிவிடும். நான் அந்தப் பெட்டியை மதிக்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, பத்து வருடம் தூங்காமல் ஒரு மனுஷியின் ஒவ்வொரு துடிப்பையும் கவனித்திருக்கிறது. என்னால் ஒரு பக்கம்கூட அப்படிக் கவனமாக எழுத முடிந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வயதில் கண்ணாடிக் கடையில் அத்தை ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இருட்டியது, நாற்காலியில் சரிந்தார், பெட்டி உதைத்தது. கண் திறந்ததும் எதிரே நின்ற கடைக்காரரைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, “என்னை எதுக்குய்யா அடிச்சீங்க?” பாவம், அந்த மனிதர் கையில் அளவுகோலோடு நடுங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அத்தை என்னிடம் சொன்னார், “அந்தக் கறுப்பு ஃப்ரேமை எடுத்து வைக்கச் சொல்லிட்டு வா.”

அந்த உதைக்குப் பிறகு எட்டு வருடம் வாழ்ந்திருக்கிறார். எட்டு வருடத்தில் என்ன செய்தார் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டாடினார். என் கதைகளைப் படித்துக் குறை சொன்னார். பேத்தி கார் ஓட்டக் கற்றபோது வாசலில் நின்று கத்தினார். இதையெல்லாம் செய்யத்தானே உயிரோடு இருப்பது.

அப்புறம் போன மழைக்காலம் வந்தது. அத்தைக்குக் கடும் காய்ச்சல், நெஞ்சில் சளி. ஒரு மத்தியானம் இதயம் தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. பெட்டி உதைத்தது. சரியாயிற்று. மறுபடி ஓடியது. மறுபடி உதைத்தது. இந்த முறை அவருக்கு நினைவு தப்பவில்லை. ஒவ்வொரு உதையும் அவருக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அவரைத் தோளோடு பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அது நிற்கவில்லை.

(இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவர் கத்தியது, கட்டில் அதிர்ந்தது, எல்லாம். எடுத்துவிட்டேன். அத்தை எடுக்கச் சொல்லவில்லை. என்னால் திருப்பிப் படிக்க முடியவில்லை.)

பிழைத்துக்கொண்டார். பெட்டி செய்தது சரியான வேலை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது இல்லையென்றால் அன்றே போயிருப்பார். அதுவும் உண்மைதான்.

4

இப்போது பீப் சத்தத்துக்கு வருகிறேன். நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் எங்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார்.

பெட்டிகளைப் பரிசோதிக்கும் அறை ஒரு மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு திரை, அதிலிருந்து சுருள் வயரில் தொங்கும் வட்டமான கருவி. அந்தக் கருவியைப் புடவைக்கு மேலேயே நெஞ்சில் வைத்தால் உள்ளே இருக்கும் பெட்டி திரையோடு பேசும். அதை இயக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். அத்தையைப் ‘பாட்டி’ என்று கூப்பிட்டாள்.

“பாட்டின்னா எனக்குக் காது கேக்காது.”

“சரிங்க மேடம்.”

“இது கேக்குது.”

பேட்டரி இன்னும் சில மாதம் தாங்கும், அதற்குள் பெட்டியை மாற்ற வேண்டும் என்றாள் அந்தப் பெண். அத்தை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“ஒண்ணு கேக்கறேன். தட்டறது இருக்கட்டும். அந்த உதையை மட்டும் நிறுத்த முடியுமா?”

அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். முடியும் என்றாள். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், இந்தத் திரையிலேயே மாற்றிவிடலாம். நிறுத்தினால் இதயம் நிற்காது. இன்று எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடும். தட்டும் வேலையும் நடக்கும். ஆனால் இனிமேல் அது தறிகெட்டு ஓடினால் பெட்டி தடுக்காது. புதிய பெட்டியையும் தட்டும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பலபேர் கடைசிக் காலத்தில் அப்படிக் கேட்பார்கள், கேட்கத் தெரியாமல் பலபேர் கஷ்டப்படுவார்கள் என்றும் சொன்னாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவரும் வந்து, அத்தையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, “வீட்லயும் ஒரு வார்த்தை பேசிட்டா நல்லது. அப்புறம் செஞ்சிடலாம்” என்று சொல்லிப் போனார்.

அப்போதுதான் இவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நெற்றியில் வியர்வை, கையில் கார் சாவி.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வெளியிலேயே டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“சார், நிறுத்திடலாமா?”

“நிறுத்தியாச்சும்மா, நிறுத்தியாச்சு” என்றார் இவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. “பின்பக்கம் சுவரோரமா. கொஞ்சம் கோணலா இருக்கு, பரவாயில்ல இல்ல?”

“கோணலாவா?”

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருமலே வந்துவிட்டது. “அவன் வண்டியைச் சொல்றாம்மா. கோணலா நிறுத்தறது அவன் சொந்தமாக் கத்துக்கிட்டது. நான் சொல்லிக்குடுத்தது இல்ல.”

நாங்கள் மூன்று பெண்களும் சிரித்தோம். இவரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். “சரி, நீங்க எதைக் கேட்டீங்க?” என்றார்.

“அம்மாவோட மிஷினை, சார்.”

சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, கண் மட்டும் மாறிற்று.

“அம்மாவையா? அம்மாவை நிறுத்தறதா?”

*

(நட்சத்திரம் போட்டு ஒரு விஷயம். ‘நிறுத்து’ என்ற சொல்லின் தலையில் நம் மொழி எத்தனை வேலையைக் கட்டியிருக்கிறது பாருங்கள். வண்டியை நிறுத்தலாம், பேச்சை நிறுத்தலாம், விழுந்த கம்பத்தைத் தூக்கி நிறுத்தலாம், தராசில் அரிசியை நிறுத்து வாங்கலாம். ஓடுவதை ஓயவைப்பதும் அதுதான், சாய்ந்ததை நிமிர்த்துவதும் அதுதான். இந்தக் கதைக்கு வேறு சொல் தேடினேன். ‘செயலிழக்கச் செய்’ என்று போட்டால் வெடிகுண்டு நினைவுக்கு வருகிறது. ‘முடக்கு’ என்றால் வங்கிக் கணக்கு. ‘அணை’ என்று எழுதி, அணைப்பது என்றால் கட்டிக்கொள்வதும்தானே என்று உருகவைத்துக் கைதட்டல் வாங்கலாம். ஆசையாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். நிறுத்து என்பதே இருக்கட்டும். தவறு நடந்தது அந்தச் சொல்லால்தான்.)

5

இவர் அன்று கத்தினார். “அது இல்லேன்னா போன மழையிலயே நீ இல்லம்மா! தெரியுமா உனக்கு?” என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “நீயே உன்னை முடிச்சுக்கறதுக்கு நான் சரின்னு தலையாட்டணுமா?” என்றார். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். இவர் கேட்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

இந்தப் பகுதியின் முதல் வரைவை அத்தை படித்தார். அவர் எதையும் விடமாட்டார். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுக்க வேண்டும், ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பார், பிடிக்காத இடத்தில் விரலால் தட்டுவார்.

தட்டினார்.

“இதுல என் பையன் வில்லன் மாதிரி இருக்கான்.”

“கத்தினார்தானே அத்தை?”

“கத்தினான். கத்தும்போது என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?”

எனக்கு நினைவில்லை.

“கீழ உக்காந்து எனக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கிட்டிருந்தான். எனக்குக் குனிய வராதுன்னு. கத்திக்கிட்டே வாரைப் போட்டுவிட்டான். இறுக்கமா இருக்கான்னு நடுவுல ஒரு வார்த்தை கேட்டான். அதை ஏன் எழுதல?”

எழுதிவிட்டேன். (அத்தை சொல்வது சரி. நானும் அங்கேதான் இருந்தேன். கத்தலைத்தான் குறித்துக்கொண்டேன். எழுதுகிறவர்கள் புத்தி அப்படி.)

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவளாக இருந்தால் வாசகர் நம்பமாட்டார். ஏதாவது குறை வைக்க வேண்டும் என்று யோசித்தேன். கோபக்காரியாக்கலாமா, அவசரக்காரியாக்கலாமா? எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒன்று கண்டுபிடித்தேன்: அவள் கையெழுத்து படுமோசம். போதும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை குறைந்துபோயிற்று. இவர் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பார், மாத்திரை கொடுப்பார், வேறு எதுவும் பேசமாட்டார். அத்தை என்னிடம் சீட்டாடுவார்.

ஒரு நாள் நான் கேட்டேன். “உங்களுக்குப் புத்தி தெளிவா இருக்கு, முடிவு உங்களோடதுன்னு டாக்டரே சொல்லிட்டார் இல்ல? இவர் சரி சொல்லணும்னு என்ன அவசியம்? நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

அத்தை சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“அவன் சம்மதம் இல்லாம பண்ணிட்டு நான் போயிட்டேன்னு வச்சுக்கோ. அவன் அதுக்கப்புறம் தினமும் என்னோட சண்டை போட்டுக்கிட்டிருப்பான். பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன். அவன் கேள்வியெல்லாம் நான் இருக்கும்போதே கேக்கட்டும்.”

இந்தக் கதையில் பணயம் என்ன என்று கேட்பீர்களானால் இதுதான். அத்தை சாவாரா மாட்டாரா என்பது இல்லை. தொண்ணூற்றொன்றில் அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். இவர் அந்தக் கேள்விகளைக் கேட்பதற்குள் நேரம் போய்விடுமா என்பதுதான். காய்ச்சல் சொல்லிவிட்டு வருவதில்லை. அடுத்த மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். பெட்டி விழிப்போடு உட்கார்ந்திருந்தது.

6

மூவரும் நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இவர் ஓட்டினார். அத்தை பக்கத்து சீட்டில், நான் பின்னால் புத்தகங்களோடு. ஒரு வேன் கைகாட்டாமல் குறுக்கே வந்தது. இவர் பிரேக் போட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் நான் பார்த்தேன். அத்தையின் காலும் தரையை ஓங்கி மிதித்திருந்தது. வெறும் ரப்பர் விரிப்பு.

“அம்மா, அங்க பிரேக் இல்ல” என்றார் இவர். இரண்டு வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

“தெரியும்டா. ஸ்கூலை மூடி எத்தனை காலம் ஆச்சு. எனக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியமாட்டேங்குது.”

சிக்னலில் நின்றோம்.

“நீ நல்லாத்தான் ஓட்டறே” என்றார் அத்தை. “கோணலா நிறுத்தறதைத் தவிர. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் நீ வண்டி எடுத்தா என் கால் தன்னால மிதிக்குது. உனக்கும் அதேதான். இந்த வயசுல நான் எங்க போகணுமோ அங்க போய்ச் சேந்துடுவேன்னு உனக்குத் தெரியும். காலைத்தான் எடுக்கமாட்டேங்கறே.”

பச்சை விழுந்தது. இவர் கொஞ்ச தூரம் போய் ஓரமாக வண்டியை நிறுத்தினார். எனக்குத் தெரிந்து அவர் நேராக நிறுத்தியது அன்றுதான்.

“அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?”

“நீ என்னைப் பிடிச்சுக்கிட்டிருந்தியே, உன் கையில சுருக்குன்னு இருந்துச்சுன்னு சொன்னே இல்ல?”

“லேசா.”

“உனக்கு லேசா. எனக்கு அது உள்ள.” அத்தை முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். “வலிகூடப் பரவாயில்லடா. நான் உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு உதைக்கும் உன் மூஞ்சி போன போக்கு இருக்கே... நான் கடைசியாப் பாக்கறது அதுவா இருக்கக் கூடாது.”

இவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அறுபத்து நான்கு வயது மனிதர் தெருவோரத்தில் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

“கண்ணாடிக் கடையில அது என்னைக் காப்பாத்துச்சு. கையெடுத்துக் கும்பிடறேன். போன மழையில அது என்னை விடமாட்டேன்னு அடம் பிடிச்சுது. அதுமேலயும் தப்பு இல்ல, அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உனக்குத் தெரியும் இல்ல?”

“அப்போ நான் என்னதான் பண்ணட்டும்?”

“பக்கத்துல உக்காரு. காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டு உக்காரு.”

(இவ்வளவு பொருத்தமாக யாராவது பேசுவார்களா, இவள் வீட்டில் உட்கார்ந்து ஜோடித்தது என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. தாராளமாகச் சந்தேகப்படுங்கள். சந்தேகப்பட இடம் கொடுப்பதுதான் என் தொழில். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் ஜோடித்திருந்தால் ‘காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டு’ என்று எழுதியிருக்கமாட்டேன். ‘என் கையைப் பிடித்துக்கொள்’ என்று எழுதியிருப்பேன். எனக்கு அவ்வளவுதான் வரும்.)

7

அடுத்த வாரம் போனோம். டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே நிறுத்திவிட்டு அத்தையிடம் தனியாக மறுபடியும் கேட்டார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“மனசு மாறினா என்ன பண்றது?” என்று இவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“வாங்க சார், திரும்பவும் போட்டுடலாம். பூட்டிட்டுச் சாவியைத் தூக்கிப் போடற வேலை இல்ல இது.”

வட்டக் கருவியை அத்தையின் நெஞ்சில் வைத்தாள். திரை ஏதோ கேள்வி கேட்டது, அவள் பதில் அழுத்தினாள், இன்னொரு முறை கேட்டது, மறுபடி அழுத்தினாள். சத்தம் எதுவும் வரவில்லை. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துடிப்புக் கோடு முன்னால் ஓடியது போலவே ஓடிக்கொண்டிருந்தது.

“அவ்வளவுதானா?” என்றார் அத்தை.

“அவ்வளவுதான் மேடம்.”

அத்தை தன் இடது தோளுக்குக் கீழே அந்தப் புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். “நல்லா வேலை பாத்தே. பாதி உத்தியோகம் போச்சு, மீதியைப் பாரு.” அந்தப் பெண் சிரிக்க முயன்றாள், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி ஏதோ வயரைச் சரிசெய்தாள்.

அந்த அறையில் இருந்தவர்களிலேயே சின்னதும் வாயில்லாததும் அந்தப் பெட்டிதான். அதற்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிய மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மருமகள் மாமியாரைப் புகழ்ந்தால் ஊரில் நம்பமாட்டார்கள், தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: எனக்கு அவரைப் போல இருக்க வேண்டும்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் அத்தை ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விடுகிறார். ஜன்னலில் வெயில். படித்துவிட்டு அவர் சொன்னார், “நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ எனக்கு வாக்கு குடுக்கற மாதிரி இருக்கு. குடுக்க நீ யாரு?”

இரண்டாவதில் அத்தைக்கு இதயம் தறிகெட்டு ஓடுகிறது, பெட்டி சும்மா இருக்கிறது, மகன் ‘தப்புப் பண்ணிட்டேனே’ என்று— இதை முடிக்கவே இல்லை. அத்தையிடம் காட்டவும் இல்லை. எப்படியோ எடுத்துப் படித்துவிட்டார். “இதுவும் நடக்கலாம்தான்” என்றார்.

மூன்றாவதில் அத்தை நூறைத் தாண்டுகிறார், நான் முதலில் போய்ச் சேர்கிறேன். இதற்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். “இதையே போடு” என்றார்.

மூன்றும் வேண்டாம் என்று இருக்கிறேன். அதற்குப் பதில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் இவர் சாப்பிட்டு முடித்ததும் அத்தையின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். செய்தித்தாள் படிப்பது போல. நேற்றும் அப்படித்தான். நான் கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை கண்ணயர்ந்திருந்தவர் திடுமென்று விழித்தார். முகம் வெளுத்துவிட்டது. கை நெஞ்சுக்குப் போயிற்று. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

இவர் செய்தித்தாளைக் கீழே போட்டார். எழுந்திருக்கப்போனவர் எழவில்லை. கத்தவும் இல்லை. ஃபோனை எடுக்கவும் இல்லை. முன்னால் சாய்ந்து, தாயின் கண் படும் இடத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான் செய்தார். அந்த முகத்தை அமைதியாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும், தாடையின் தசை துடித்துக்கொண்டிருந்தது.

நான் மடித்த துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அத்தை ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று. நிறம் திரும்ப வந்தது. படபடப்பு தானாகவே அடங்கிவிட்டது.

“பயந்துட்டியா?” என்றார்.

“இல்லம்மா.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆமாம்மா. ரொம்ப.”

“நானும்தாண்டா” என்றார் அத்தை.

இத்தனை வருடத்தில் பயந்ததாக அவர் வாயால் சொல்லி நாங்கள் இருவரும் கேட்டதே இல்லை. இவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

இதற்கு அடுத்த வரியை நான் எழுதமாட்டேன். எழுதினால் ஏதாவது நடந்தாக வேண்டும். இன்று இதுவரைக்கும் எதுவும் நடக்கவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், இப்போது அந்த அறையிலிருந்து இரண்டு பேர் என்னை டீக்குக் கூப்பிடுகிறார்கள், ஒருவர் சத்தமாக, ஒருவர் மெதுவாக. மெதுவான குரல்தான் முதலில் கேட்டது. நான் போகிறேன்.